மலிவு டிக்கெட் காலண்டரில் இருக்கிறது

சென்னையிலிருந்து டெல்லிக்கு வான்வழித் தூரம் 1,700 கிலோமீட்டருக்கு மேல். மதுரைக்கு அதில் கால்வாசிதான். இருந்தும் தீபாவளிக்கு முந்தைய நாட்களில் மதுரை டிக்கெட் டெல்லி டிக்கெட்டை முந்திக்கொண்டு போவதை வருடந்தோறும் செய்தியாகப் படிக்கிறோம், திட்டுகிறோம், மறந்துவிடுகிறோம். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பழகிய மனம் தூரத்துக்குத்தான் காசு என்று நம்புகிறது. விமானத்தில் தூரம் என்பது கணக்கின் ஒரு வரி மட்டும்தான். இந்த நாளில்தான் போவேன், இந்த நேரத்தில்தான் இறங்குவேன், இந்த ஊரிலிருந்துதான் ஏறுவேன் என்று நாம் போடும் நிபந்தனைகளுக்கும் சேர்த்தே விலை வைக்கிறார்கள். எந்த ஆப், எந்தக் கிழமை, எந்த வங்கிக் கார்டு என்று ஊரெல்லாம் சொல்லும் உபாயங்கள் நூற்றுக்கணக்கில் மிச்சம் பிடிக்க உதவலாம். ஆயிரக்கணக்கில் மிச்சம் பிடிப்பவர் இந்த நிபந்தனைகளில் ஒன்றையாவது தளர்த்த முடிந்தவர். கையில் காசு குறைவாக இருக்கும்போது அதற்கு ஈடாகக் கொடுக்கக்கூடிய ஒரே சரக்கு அந்தத் தளர்வுதான்.

இதன் வேர் ஐம்பது வருடத்துக்கு முந்தையது. 1972-ல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கென்னத் லிட்டில்வுட் ஒரு எளிய விதியை எழுதிவைத்தார். அதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஓர் இருக்கையை இன்றைக்கே ஒருவர் 4,000 ரூபாய்க்குக் கேட்கிறார். கடைசி நேரத்தில் ஓடிவரும் வேறொருவர் அதே இருக்கைக்கு 12,000 கொடுப்பார். அப்படி ஒருவர் வருவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால், இன்றைக்குக் கேட்பவருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதே லாபம். வாய்ப்பு அதற்குக் குறைந்தால் விற்றுவிடு. இவ்வளவுதான் விதி. அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணத்தின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் வந்த பிறகு, ராபர்ட் கிராண்டால் தலைமையிலான அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்தக் கணக்கைக் கணினியில் ஏற்றி, குறைந்த விலையையே மூலதனமாக வைத்து முளைத்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் போன்ற போட்டியாளர்களை 1980-களில் ஓரங்கட்டியது. அன்று முதல் ஒரு விமானத்தின் இருக்கைகள் வெவ்வேறு விலை எழுதிய பெட்டிகளில் பிரித்துப் போடப்பட்டவை. 4,000 ரூபாய்ப் பெட்டியில் எத்தனை இருக்கை என்பதை, யார் யாரெல்லாம் பிற்பாடு வேறு வழியில்லாமல் வருவார்கள் என்ற ஊகம் தீர்மானிக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதுரை விமானத்தில் அப்படி வருபவர்கள் நிறைய. அந்தத் தடத்தில் பறப்பவற்றில் பல எண்பது இருக்கைகூட இல்லாத ஏ.டி.ஆர். ரக விமானங்கள். மலிவுப் பெட்டி அன்றைக்குத் திறக்கப்படுவதே சந்தேகம்.

பெட்டிக் கணக்கு புரிந்துவிட்டால் பல நம்பிக்கைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமை வாங்கினால் விலை குறைவு என்பது அவற்றில் பிரபலமானது. அமெரிக்க நிறுவனங்கள் வார ஆரம்பத்தில் சலுகை அறிவிப்பதும், அடுத்த நாள் போட்டி நிறுவனங்கள் அதற்கு ஈடுகொடுப்பதும் வழக்கமாக இருந்த காலத்தின் மிச்சம் அது. வாங்கும் கிழமையால் கிடைக்கும் லாபம் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று அமெரிக்கப் பயணங்களை வைத்து கூகுளே சொல்லியிருக்கிறது. பறக்கும் கிழமை கொடுக்கும் லாபம் அதைப்போலப் பல மடங்கு. ஒரே தடத்தை இரண்டு முறை தேடினால் விலையை ஏற்றிவிடுவார்கள், அதனால் ரகசிய விண்டோவில் தேடு என்பது இன்னொரு நம்பிக்கை. இரண்டு தேடலுக்கு நடுவே விலை ஏறினால், பெரும்பாலும் இடையில் யாரோ வாங்கி மலிவுப் பெட்டி காலியாகியிருக்கும். அல்லது முதலில் பார்த்ததே பழைய சேமிப்பிலிருந்து வந்த விலையாக இருக்கும். பெயர் வெளியிடாத ஒரு பெரிய அமெரிக்க விமான நிறுவனத்தின் உள்தரவுகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் சிலர் எழுதி 2024-ல் வெளியான ஆய்வு இந்த விஷயத்தில் கொஞ்சம் வேடிக்கையானது. கட்டணப் பட்டியலைத் தயாரிப்பது ஒரு பிரிவு, எந்தக் கட்டணத்தில் எத்தனை இருக்கை என்று முடிவு செய்வது வேறொரு பிரிவு, ஒன்றின் கணக்கு இன்னொன்றோடு முழுதாகப் பொருந்துவதில்லை என்று அது காட்டியது. நம் ஒவ்வொரு க்ளிக்கையும் எண்ணிக்கொண்டிருக்கும் சர்வ வல்லமை படைத்த எதிரி அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு சில விலைகளுக்கு நடுவே மேலும் கீழும் தாவுகிற, சற்றே மந்தமான ஒரு அலுவலக இயந்திரம்தான் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இது மாறாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் தன் உள்நாட்டுக் கட்டணங்களில் ஒரு பகுதியை அப்படிப்பட்ட மென்பொருளின் ஆலோசனைப்படி வைக்கப்போவதாக 2025-ல் சொன்னபோது அங்குள்ள செனட்டர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். தனிநபரைப் பார்த்து விலை வைப்பதில்லை என்று நிறுவனம் பதில் சொன்னது. நாளை என்ன ஆகும் என்பது வேறு. இன்றைக்கு பிரவுசரை மாற்றி மாற்றித் தேடும் அரைமணி நேரத்தைப் பக்கத்துத் தேதிகளைப் பார்ப்பதில் செலவழித்தால் பலன் அதிகம். பெட்டிக் கணக்கிலிருந்து கிடைக்கும் உருப்படியான யுக்தி ஒன்று உண்டு. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவுப் பெட்டியில் மூன்று இடம்தான் இருக்கிறது என்றால், பெரும்பாலான தளங்கள் நான்கு பேரையுமே அடுத்த விலைக்குத் தூக்கிவிடும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடி, பிறகு ஆள் கூட்டிப் பார்த்தால் எங்கே விலை தாவுகிறது என்று தெரிந்துவிடும். மூன்றும் ஒன்றுமாகப் பிரித்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது காலண்டருக்கு வருவோம். நம் ஊர்க் கூட்டத்துக்கு ஒரு திசை உண்டு. பொங்கலுக்கு முன்பு சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் தெற்கே போகும் விமானங்கள் நிரம்பி வழிகின்றன. அதே விமானம் திரும்பி வரும்போது காலியாக வருகிறது. காணும் பொங்கல் முடிந்ததும் படம் தலைகீழ். இந்தியாவுக்குள் போக ஒரு விலை, வர ஒரு விலை என்று தனித்தனியாகத்தான் வைக்கிறார்கள் என்பதால், போவதற்கு ரயிலும் வருவதற்கு விமானமும் என்று கலப்பதில் நஷ்டம் ஏதுமில்லை; ஊரில் இருக்கும் பெற்றோரைப் பண்டிகைக்குச் சென்னைக்கு வரவழைக்கும் குடும்பத்துக்கு எதிர்த்திசை விலை கிடைக்கும். வெளிநாட்டுக்குப் போகும்போது, முக்கியமாக முழுச்சேவை நிறுவனங்களில், இது பொருந்தாது. அங்கே போகவர சேர்த்து வாங்குவது பல நேரம் ஒருவழி டிக்கெட்டைவிடச் சற்றே அதிகம், சில சமயம் குறைவாகக்கூட இருக்கும். பருவத்தைப் பொறுத்தவரை, பள்ளி திறந்த பின் ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்திய விமான நிறுவனங்களுக்கு மந்த காலம். நமக்கு அது ஆடியையும் புரட்டாசியின் தொடக்கத்தையும் உள்ளடக்கிய காலம், முகூர்த்தங்கள் குறைகிற நேரம். ஊர் சுற்றப் போகிறவர் ஆடியில் கிளம்பலாம்; தள்ளுபடி ஜவுளிக்கு மட்டும்தானா என்ன. வளைகுடாவில் வேலை பார்ப்போர் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே ஜூலை, ஆகஸ்டில்தான் பள்ளி விடுமுறை. குடும்பங்கள் மொத்தமாகக் கிளம்புவதால் ஊர் வரும் விமானக் கட்டணம் அப்போதுதான் உச்சிக்குப் போகிறது. மந்த காலம் என்பது எந்தத் தடம் என்பதைப் பொறுத்தது.

கடைசி நேரத்தில் காலியாகப் பறப்பதைவிடக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட மாட்டார்களா என்பது தர்க்கரீதியாகச் சரியாகத் தோன்றும் எதிர்வாதம். தக்காளி வியாபாரி மாலையில் அப்படித்தான் செய்கிறார். ஆனால் விமானத்தில் கடைசி நாளில் வருகிறவர் பேரம் தேடி வருபவர் அல்லர், அவசரத்தில் வருபவர். அவரிடம் 12,000 வாங்க முடியும்போது காலி இருக்கைகளை 3,000-க்குக் கூவினால், அடுத்த முறை எல்லோரும் கடைசி நாள்வரை காத்திருப்பார்கள். அதனால் சில இருக்கைகள் காலியாகவே பறந்தாலும் பரவாயில்லை என்று இருக்கிறார்கள். அதற்காக ஆறு மாதம் முன்பே வாங்குவதும் வீண். அவ்வளவு முன்பே நிறுவனத்துக்கு எந்த நெருக்கடியும் இல்லை, மலிவுப் பெட்டிகள் முழுதாகத் திறந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சாதாரண நாட்களின் உள்நாட்டுப் பயணத்துக்கு மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை, பண்டிகைக்கு அதைவிட நன்றாக முன்னால் என்பதே ஏற்கத்தக்க கணக்கு. வாங்கிய பிறகு விலை குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கும் சிறு மருந்து இருக்கிறது. பயணத்துக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ இருக்கையில் வாங்கும் டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் கட்டணப் பிடித்தம் இல்லாமல் ரத்து செய்யும் உரிமையை 2019-ல் அரசு வெளியிட்ட பயணிகள் சாசனம் கொடுத்தது. 'பணம் திரும்ப வராது' என்று போட்ட டிக்கெட்டிலும் விமான நிலையக் கட்டணம், வரி போன்றவற்றைத் திருப்பித் தந்தாக வேண்டும். மலிவு டிக்கெட்டில் மொத்தத் தொகையில் அது கணிசமான பங்கு; கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

நாளுக்கு அடுத்தது ஊர். இதில்தான் போட்டியின் சக்தி பச்சையாகத் தெரிகிறது. 2024-ம் ஆண்டு ஹஜ் பயணத்துக்கு ஹஜ் கமிட்டி மூலம் கோழிக்கோட்டிலிருந்து புறப்பட வேண்டியவர்களுக்கு முதலில் வந்த கட்டணம் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல். கொச்சியிலும் கண்ணூரிலும் அது ஒரு லட்சத்துக்குக் கீழே. கண்ணூர் விமான நிலையம் அங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஜித்தாவுக்கான தூரம் ஏறத்தாழ ஒன்றே. வித்தியாசம் ஓடுதளத்தில் இருந்தது. 2020 ஆகஸ்டில் நடந்த விபத்துக்குப் பிறகு கோழிக்கோட்டில் பெரிய விமானங்கள் இறங்க அனுமதி இல்லை. சிறிய விமானத்தில் தலைக்குச் செலவு கூடுதல், போட்டிக்கு வரும் நிறுவனமும் குறைவு. எதிர்ப்பு எழுந்த பிறகு கட்டணத்தைக் குறைத்தார்கள், அப்போதும் இடைவெளி மறையவில்லை. நம் பக்கத்தில் இதன் இனிய வடிவம் திருச்சி. உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் போய்வரும் அபூர்வமான விமான நிலையம் அது. காவிரி டெல்டாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் இடையிலான பல தலைமுறை உறவு, ஸ்கூட், ஏர் ஏசியா போன்ற குறைந்த கட்டண நிறுவனங்களை அங்கே இழுத்து வந்தது. சென்னைக்காரர்கூட சில தேதிகளில் திருச்சி விலையைப் பார்த்துவிட்டு ரயில் ஏறுவதில் அர்த்தம் உண்டு. கிருஷ்ணகிரிக்காரர் பெங்களூருவையும், நாகர்கோவில்காரர் திருவனந்தபுரத்தையும், பொள்ளாச்சிக்காரர் கோவையோடு கொச்சியையும் சேர்த்துப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது.

ஆனால் கணக்கை வாசலிலிருந்து வாசல் வரை போட வேண்டும். ஐரோப்பாவில் ரயன்ஏர் பாரிஸ் என்று விற்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். பிராங்க்பர்ட் என்று பெயரில் ஒட்டிக்கொண்ட ஹான் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதிகாலை நாலரை மணி விமானம் மலிவாக இருப்பதற்குக் காரணம், அந்த நேரத்தில் பஸ்ஸும் மின்ரயிலும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். டாக்ஸிக்கு 1,200 கொடுத்து டிக்கெட்டில் 900 மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது. லக்கேஜும் அப்படித்தான். கைப்பை 7 கிலோ மட்டும் என்ற வெற்று டிக்கெட்டை விற்கலாம் என்று இந்தியாவில் 2021-ல் அனுமதி வந்தது. தோளில் ஒரு பையோடு போகிற மாணவருக்கு அது வரம். முறுக்கும் அதிரசமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு துபாய் போகிறவருக்கு, லக்கேஜை உள்ளடக்கிய முழுச்சேவை டிக்கெட்டே கடைசியில் மலிவாக முடியலாம். அப்புறம் 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்ற விசித்திரம் இருக்கிறது. இணையத்தில் நாமே தட்டச்சு செய்து, நாமே பணம் கட்டி, அந்த வசதிக்காக ஆளுக்கு இவ்வளவு, தடத்துக்கு இவ்வளவு என்று அழ வேண்டும். ஒப்பீட்டுத் தளத்தில் தேடிவிட்டு, அதே விமானத்தின் விலையை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்ப்பது நல்லது. மாணவர், மூத்த குடிமக்கள் சலுகைகளையும் அப்படித்தான் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் சலுகை போக மிஞ்சும் தொகை சாதாரண ஆஃபர் விலையைவிட அதிகமாக இருப்பதும் நடக்கிறது.

இரண்டு தனி டிக்கெட்டுகளைக் கோத்து நீண்ட பயணத்தை மலிவாக்குவதைச் சிலர் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து வேறொரு நிறுவனத்தில் ஆஸ்திரேலியா என்று போகலாம், மொத்தம் குறையும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு நம்மிடம் எந்தப் பொறுப்பும் கிடையாது. நடுவில் லக்கேஜை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால் அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதியும் வேண்டும். நடுவில் ஒரு முழு நாள் விட்டு, அந்த ஊரையும் பார்த்துவிட்டுப் போக முடிகிறவருக்கு மட்டுமே இது பொருந்தும். இங்கேயும் விற்பனைக்கு வருவது நம் நேரம்தான். தூரத்து ஊருக்கு டிக்கெட் எடுத்து நடுவழியில் இறங்கிவிடும் தந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரும்பும் பயணத்தைச் சத்தமில்லாமல் ரத்து செய்துவிடுவார்கள், செக்-இன் செய்த பெட்டி நாம் போகாத ஊருக்குப் போய்ச் சேரும்.

இதுவரை சொன்னதற்கெல்லாம் எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் இருக்கிறது. தளர்வு என்பது எல்லோரிடமும் இருக்கும் சரக்கா? சாவுச் செய்தி கேட்டு ஓடுகிறவரிடம் செவ்வாய்க்கிழமை போங்கள் என்று சொல்ல முடியுமா? முதலாளி கொடுத்த பதினைந்து நாள் லீவில் ஊர் வந்து திரும்ப வேண்டிய தொழிலாளிக்கு ஏது காலண்டர்? ஓய்வுபெற்ற வசதியான தம்பதி மலிவாகப் பறக்க, கூலிக்குப் போனவர் உச்ச விலை கொடுக்கிறார் என்பதே இந்த ஏற்பாட்டின் விளைவு. உண்மை. மேலே சொன்ன யோசனை எதுவும் அவருக்கு உதவாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால் அரசு உச்சவரம்பு வைக்கட்டும் என்கிறார்கள். வைத்துப் பார்த்திருக்கிறோம். 2020 மே மாதம் விமானங்கள் மறுபடி பறந்தபோது பயண நேரத்தை வைத்துக் கட்டண எல்லைகள் விதிக்கப்பட்டு 2022 ஆகஸ்ட் இறுதிவரை நீடித்தன. அதில் உச்சவரம்போடு கீழ்வரம்பும் இருந்தது. நலிந்த நிறுவனங்கள் விலைப்போரில் சாகாமலிருக்க வைத்த அந்தக் கீழ்வரம்பு, இரண்டு வருடத்துக்கு மேல் மலிவு டிக்கெட்டையே சட்ட விரோதமாக்கியது. 2025 டிசம்பரில் நடந்தது வேறு கதை. விமானிகளின் பணிநேர விதிகள் மாறியதற்கு ஏற்ப ஆள் திட்டமிடாத இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. மற்ற நிறுவனங்களின் விலை எகிறியது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500-க்கு மேல் 18,000 ரூபாய் என்று அரசு தடுப்பு போட்டது. நெருக்கடியில் அது தேவைப்பட்டது, என் கணிப்பில் இன்னும் சீக்கிரமே வந்திருக்க வேண்டும். நிரந்தர விதியாக அது நின்றால் மேலே வெட்டிய பணத்தைக் கீழே மலிவுப் பெட்டிகளைச் சுருக்கி எடுத்துக்கொள்வார்கள். ஒருவரின் அவசரத்துக்கான செலவை இன்னொரு ஏழைப் பயணியின் தலையில் வைத்ததாக ஆகும்.

அந்த டிசம்பர் காட்டிக்கொடுத்தது, உள்நாட்டு வானத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததைத்தான். கேப்டன் கோபிநாத் 2003-ல் ஏர் டெக்கானைத் தொடங்கி ஒரு ரூபாய்க்குச் சில இருக்கைகளை விற்றபோது மற்ற நிறுவனங்களும் இறங்கிவர வேண்டியிருந்தது; 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு அந்தக் கதையின் சினிமா வடிவம் தெரியும். அவர் நிறுவனம் கிங்ஃபிஷரோடு கலந்தது, கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019-ல், கோ ஃபர்ஸ்ட் 2023-ல். ஒவ்வொன்று விழும்போதும் மலிவுப் பெட்டிகள் கொஞ்சம் சுருங்கின. தளர்வே இல்லாத பயணிக்குக் கைகொடுப்பது அவர் ஏறும் தடத்தில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் பறக்கும் விமானம்தான். அதை வளர்க்க வந்த மத்திய அரசின் உடான் திட்டத்தைத் தணிக்கை செய்த சி.ஏ.ஜி., கொடுக்கப்பட்ட 774 தடங்களில் மூன்று வருடச் சலுகைக் காலத்தைத் தாண்டி நின்றவை வெறும் 54 என்று 2023-ல் எழுதியது. சேலம் இந்தக் கணக்கைப் பட்டு அறிந்த ஊர். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் கிங்ஃபிஷர் வந்து போனது. உடானில் 2018-ல் ட்ரூஜெட் வந்தது, சென்னைக்குப் போய்வந்தது, நின்றது. மறுபடி விமானம் இறங்கியது 2023 அக்டோபரில். நடுவில் அவசரமாகப் பறக்க வேண்டியிருந்த சேலத்துக்காரர்கள் பெங்களூருவுக்கோ கோவைக்கோ பஸ் ஏறினார்கள்.